கேமரன் மலையில் இரண்டு லெட்சுமிகள்

போன பள்ளி விடுமுறையில் நான் கேமரன் மலைக்குப் போனது குளிருக்காகவும் இல்லை, ஸ்ட்ராபெரிக்காகவும் இல்லை. கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். விடுமுறை வந்தால் வேனும் நானும் ஒன்றாகப் படுத்துவிடுவோம். அப்படிப் படுத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் சின்னம்மா மகள் லெட்சுமி போன் போட்டாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், மலைமேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை.

"அக்கா, நான் சொல்லாதத நான் சொன்னேன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ வந்து சொல்லு, நான் சொல்லலன்னு."

எத்தனை 'சொல்லு' என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தபோது அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

விஷயம் இதுதான். போனில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. அதில் லெட்சுமி நிற்கிறாள். சிவப்புச் சேலை, முதுகில் கூடை, பின்னால் பச்சை மலை. "வணக்கம் அன்பர்களே, முப்பது ஆண்டுகளாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அனுபவத்தில் கூறுகிறேன்" என்று ஆரம்பிக்கிறாள். இந்த மூலிகைத் தேநீரை நாற்பது நாள் அருந்தினால் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம், மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடலாமாம். முகம் அவள் முகம். குரல் அவள் குரல். முன்பல்லில் இருக்கிற சந்துகூட அப்படியே இருக்கிறது.

லெட்சுமி அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. போன வருஷம் இரண்டு பேர் கேமராவோடு வந்து, எஸ்டேட் வாழ்க்கையைப் படம் பிடிக்கிறோம் என்று அவளை இருபது நிமிஷம் பேசவைத்தார்கள். அந்தப் படம் இணையத்தில் கிடந்தது. அதிலிருந்து யாரோ முகத்தையும் குரலையும் உருவி, மெஷினில் போட்டு, வேறொரு லெட்சுமியைப் பண்ணிவிட்டார்கள். யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

ஊர் நம்பினால் நம்பட்டும் என்று விட்டுவிடலாம். லெட்சுமியின் மச்சாண்டார், அதாவது செத்துப்போன அவள் புருஷனுக்கு அண்ணன், வீரையா என்று பேர், அவரும் நம்பிவிட்டார். அறுபத்தாறு வயசு, எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியும் இல்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் அவளுக்குப் பக்கத்து வீடு. பன்னிரண்டு வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. வீடியோவைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தி அன்றைக்கு முப்பத்தி நான்கு நாள். கால் கட்டைவிரலில் புண் வந்து கறுக்க ஆரம்பித்துவிட்டது.

"விரல் போகப்போவுது அக்கா," என்றாள். "நான் சொல்லி."

மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிள்ளானில் ரயில் ஏறினேன். நடுவில் ஒருதரம் மாறி, பண்டார் தாசேக் செலாத்தான் பஸ் நிலையம். எட்டரை மணி பஸ், மலைமேலே தானா ராத்தா ஊருக்கு முப்பத்தெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். விடுமுறை நாளில் போகிறவர்கள் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். எனக்குக் கிடைத்தது டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டு. வேன் ஓட்டுகிறவளை இன்னொரு டிரைவருக்குப் பின்னால் உட்காரவைப்பது அந்த டிரைவருக்குச் செய்கிற பாவம்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் தானா ராத்தா வரைக்கும் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. வயிறு லேசானவர்கள் தாப்பாவில் ஒன்றும் சாப்பிடாதீர்கள். நான் இரண்டு நாசி லெமாக் சாப்பிட்டேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது வேறு கதை. வானொலியில் ஒருவர் மனித குலத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டுவந்தார். இன்னும் கொஞ்ச வருஷத்தில் மெஷினே வண்டி ஓட்டுமாம், மெஷினே வைத்தியம் பார்க்குமாம், நாமெல்லாம் அதற்குத் தயாராகிக்கொள்ள வேண்டுமாம். குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது.

"அண்ணே, உங்க வேலை போச்சு," என்றேன் டிரைவரிடம்.

"வரட்டும்லா," என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து. "இந்த ரோட்ல அது ஓட்டட்டும், நான் ஒங்க பக்கத்துல உக்காந்து தூங்கறேன்."

ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் காய்கறி லாரி ஒன்று எதிரே இறங்கியது. அந்த டிரைவர் கையை வெளியே நீட்டி இரண்டு தரம் அமுக்கிக் காட்டிவிட்டுப் போனார். எங்கள் டிரைவர் உடனே வேகத்தைக் குறைத்தார். இரண்டு வளைவு தாண்டினால் ரோட்டில் பாதி மண் சரிந்து கிடக்கிறது. தயாராகிக்கொள்ளச் சொன்னவர் வானொலியில் இன்னும் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

ஒன்று இருபதுக்குத் தானா ராத்தா. லெட்சுமி பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். முகத்தில் பாதியை மூடித் துண்டு கட்டியிருந்தாள். குளிரா என்றேன். இல்லை, அடையாளம் தெரியக்கூடாது என்றாள். எங்கள் பரம்பரையிலேயே முதன்முதலாகப் பிரபலமானவள், ஆனால் பாவம், அனுபவிக்கத் தெரியவில்லை.

டாக்சி நாற்பத்தைந்து வெள்ளி என்று பேசி ஏறினோம். பிரிஞ்சாங் தாண்டி, கியா பார்ம் தாண்டி, கோலா தெர்லா போகிற ரோட்டில் பிரிந்து உள்ளே போகவேண்டும். பதினாறு கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிஷம். சனி ஞாயிறில் கியா பார்ம் மார்க்கெட் முன்னால் வண்டிகள் நகராது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்றபோது லெட்சுமி மூச்சு முட்டி, துண்டை இறக்கினாள். டாக்சிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். திரும்பியே பார்த்தார்.

"நீங்க அந்தத் தேத்தண்ணி அம்மா தானே? எம் பொண்டாட்டி ரெண்டு பாக்கெட் வாங்கிட்டா. ஒங்ககிட்டயே நேரா வாங்குனா கொறைப்பீங்களா கா?"

லெட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, இறங்கும்போது லெட்சுமியைப் பார்த்து, "சரிக்கா, கொறைக்க முடியாதுன்னா பரவால்ல," என்றார். அவள் ஏன் துண்டு கட்டினாள் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

எஸ்டேட் பேரை எழுதாதே என்று லெட்சுமி சொல்லியிருப்பதால் எழுதவில்லை. மலைச்சரிவை வெட்டி லைன் வீடுகள் இரண்டு வரிசை. கீழே மாரியம்மன் கோயில், எதிரே தொழிற்சாலை, சுற்றிலும் சீவிவிட்ட மாதிரி தேயிலை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து நின்று படம் எடுக்கிற அந்த இடம்தான்.

படம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போலி லெட்சுமி முதுகில் கூடை மாட்டி, இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிப் பறிக்கிறாள். அசல் லெட்சுமி இந்தப் பத்தொன்பது வருஷமாக மெஷின் பிடிக்கிறாள். இஞ்சின் வைத்த வெட்டு மெஷின். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் பிடித்து நடக்க, வெட்டின கொழுந்து பின்னால் இழுத்துவருகிற பெரிய பையில் போய் விழும். மழைச்சட்டை, பூட்ஸ், காதில் பஞ்சு. அந்த மெஷின் வந்தபோது வேலை போய்விடும் என்று லைனே பயந்ததாம். இவள் கங்காணியிடம் போய், எனக்குச் சொல்லிக்கொடுங்கள், நான் பிடிக்கிறேன் என்று நின்றிருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பிரிவில் இஞ்சின் மக்கர் பண்ணினால் இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். எதிர்காலம் என்று சொல்லிக்கொண்டு வந்த புது மெஷின், பாருங்கள், இவளைப் பிடித்து ஐம்பது வருஷம் பின்னால் தள்ளி முதுகில் கூடையை மாட்டிவிட்டது.

கைகால் கழுவிவிட்டு நேரே வீரையா வீட்டுக்குப் போனோம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், இடது காலை ஒரு முக்காலிமேல் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த மூலிகைப் பாக்கெட் ஆறு. அவர் எனக்கு மச்சான் முறை, கேலி பண்ண எனக்கு உரிமை உண்டு.

"என்ன மச்சான், கட்டைவிரல விக்கப்போறீங்களாமே, எவ்ளோ?"

"வாடி கிள்ளான்காரி," என்று சிரித்தார். துணியை விலக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

நானும் விளக்கிப் பார்த்தேன். அது லெட்சுமி இல்லை, மெஷின் பண்ணின பொம்மை என்றேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, இவள் ஏன் போனில் ஒன்று, வாசலில் வேறொன்று சொல்கிறாள் என்று தனக்குத் தெரியும் என்றார். கிளினிக்கு ஆட்களுக்குப் பயந்துகொண்டு இவள் மறுக்கிறாளாம். ஊருக்கெல்லாம் நல்லது சொன்னவள், டாக்டர் முன்னால் மாட்டிக்கொள்ளக்கூடாதே என்று வாய் மாறிவிட்டாளாம்.

லெட்சுமி அப்போது இரண்டடி தள்ளிச் சுவரோரம் நின்றிருந்தாள். அங்கே படுத்திருந்த பூனையைப் பார்த்து, "மாத்திரைய போடச் சொல்லு, நான் ஒன்னும் சொல்லலன்னு சொல்லு," என்றாள்.

இதை வெளியாட்களுக்கு விளக்கவேண்டும். இவர்கள் வீட்டில் மச்சாண்டார் முகத்தைப் பார்த்து தம்பி பெண்டாட்டி பேசுகிறதில்லை. அது ஒரு மரியாதை. இருபத்தொன்பது வருஷமாக லெட்சுமி அவருக்குச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், கிளினிக்குப் போகிற நாளை ஞாபகப்படுத்துகிறாள். எல்லாம் யாராவது ஒருத்தர் மூலமாக. முதலில் அவர் மனைவி மூலம், பிறகு தன் புருஷன் மூலம். இரண்டு பேரும் போனபிறகு பூனை மூலம். பூனை சொல்லுகிறதோ இல்லையோ, அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

லெட்சுமி சமையலுக்குப் போனதும் வீரையா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ ஒன்னு புரிஞ்சிக்க. இத்தனை வருஷத்துல அவ ஒருநாள் எம் முகத்தப் பாத்து ஒரு வார்த்த சொன்னதில்ல. போன்ல நேரா பாக்கறா. 'நான் கூறுகிறேன், நீங்கள் நலமாக இருக்கணும்'னு சொல்றா. எனக்கு அப்படி யாரும் சொல்லி எத்தினி வருஷமாச்சு தெரியுமா?"

  வேலையையும் முகத்தையும் மெஷின் எடுத்துக்கொள்வதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் வீட்டில் யார் எதற்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மோப்பம் பிடித்து, அதைக் கொடுப்பதுபோல் காட்டித் திருடுகிறதே, அதைப் பற்றி அந்த வெண்ணெய்க் குரல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த வீடியோக்காரன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் தேயிலை மெஷினிலேயே விட்டிருப்பேன்.

ஞாயிறு மத்தியானம், மூன்று மணி இருக்கும். ஒரு திட்டத்தோடு வீரையா வாசலுக்குப் போனேன். மூலிகைத் தேநீர் விற்கிறவன் வீடியோவுக்குக் கீழே ஒரு நம்பர் கொடுத்திருந்தான். கேள்வி கேட்டு அனுப்பினால் லெட்சுமியின் குரலிலேயே பதில் வருமாம். வீரையா அதுவரை பொத்தானை அமுக்கிப் பாக்கெட் மட்டும்தான் வாங்கியிருந்தார், எதுவும் கேட்டதில்லை. எஸ்டேட்காரிக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டு மடக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் போனை வாங்கி, "லெட்சுமி, மெஷின்ல எந்தப் பக்கம் கனம்?" என்று பேசி அனுப்பினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்தது. ஒவ்வொரு தளிரையும் தன் விரல்களால் அன்போடு பறிப்பதாகச் சொன்னாள் போலி. மாட்டிக்கொண்டாள் என்று கையைத் தட்டினேன். வீரையா அசையவில்லை. "வெளம்பரத்துக்கு அப்படித்தான் சொல்லணும்லா. சினிமாக்காரன் சொந்த வீட்டு சட்டையா போட்டு வரான்?" என்றார். என் திட்டம் அத்தோடு முடிந்தது.

லெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். சீனி இல்லாமல், அவருக்கு. வீரையாவுக்கு என்ன தோன்றியதோ, போனை என் கையிலிருந்து பிடுங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அசல் லெட்சுமி நிற்கும்போதே போலியிடம் கேட்டார். "எங்கால்ல புண்ணு வந்திருக்கு. மாத்திர இல்லாம இருக்கலாமா? நீ சொல்லு."

நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பூனை மட்டும் பார்க்கவில்லை.

"வணக்கம் வீரையா," என்றது போன், லெட்சுமியின் குரலில். "கவலை வேண்டாம் வீரையா. புண் வருவது நச்சு வெளியேறும் அறிகுறி. தினமும் மூன்று முறை..."

பாக்கெட் வாங்கும்போது பேர் கொடுத்திருக்கிறார் அல்லவா, அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறது. வியாபாரத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாங்குகிறவனுக்குப் பிடிக்கும் என்று யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

தேத்தண்ணிக் குவளை கீழே விழுந்து உருண்டது. லெட்சுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாயிலிருந்து அந்தப் பேர் வந்துவிட்ட மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாரியாத்தா, நான் சொல்லல, நான் சொல்லல," என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

மச்சாண்டார் பேரை அவள் உயிர் போனாலும் சொல்லமாட்டாள். கோயிலில் அர்ச்சனைக்குக்கூட "எங்க வீட்டுப் பெரியவருக்கு" என்பாள். ஐயர் வேறு யாரிடமாவது பேரைக் கேட்டுக்கொள்வார்.

வீரையா போனைப் பார்த்தார். லெட்சுமியின் முதுகைப் பார்த்தார். போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது, நடுநடுவே வீரையா வீரையா என்று. அவர் அதை அணைத்து, மூலிகைப் பாக்கெட்டுகள்மேல் கவிழ்த்து வைத்தார்.

"இவ இல்ல," என்றார்.

  அவர் முகம் ஏமாந்தவர் முகமாக இல்லை, யாரையோ பறிகொடுத்தவர் முகமாக இருந்தது.

லெட்சுமி திரும்பினாள். பூனையைத் தேடினாள் என்றுதான் நினைக்கிறேன். அது சிந்தின தேத்தண்ணிக்குப் பயந்து ஓடியிருந்தது. ஒரு நொடி தடுமாறினாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மாத்திரைய போடுங்க," என்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் கூட வரேன். நாந்தான் சொல்றேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா," என்றார். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருஷத்துப் பேச்சு அந்த இரண்டு வரியில் முடிந்தது.

திங்கள் காலை ஏழு மணிக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரி. பதிவுக்கு ஒரு வெள்ளி. கவுண்டரில் இருந்த பெண் நோயாளி பேரைக் கேட்டதும் லெட்சுமி, "எங்க வீட்டுப் பெரியவரு," என்றாள். பேரை நான்தான் சொன்னேன். டாக்டர் புண்ணைச் சுத்தம் பண்ணினார். ரத்தத்தில் இனிப்பு இருபத்தொன்று, இங்கத்துக் கணக்கில் ஏழெட்டுக்குள் இருக்க வேண்டியது. இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் விரலை எடுப்பதைப் பற்றித்தான் பேசியிருப்போம் என்றார். இப்போது காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். வார்டில் படுக்கவைத்தார்கள். மூன்று நாளில் திரும்புகிறேன் என்று வந்தவள் ஏழு நாள் தங்கினேன்.

அன்றைக்கே போலீசில் புகார் கொடுத்தோம், நாற்பது நிமிஷம் ஆனது. லைனில் போன் வைத்திருக்கிற பதினேழு பேரும் அந்த வீடியோவைப் போலி என்று புகார் அழுத்தினார்கள். பதினேழு பேருக்கும் ஒரே பதில் வந்தது, விதிமுறை எதையும் மீறவில்லை என்று.

சரி, நாமும் வீடியோ போடலாம் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை பனி விலகினதும், லெட்சுமி மழைச்சட்டையும் பூட்ஸுமாக மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் அவளோடு வேலை செய்கிற நேபாளத்துக்காரர். நான் போனைப் பிடித்தேன். எழுதிக்கொடுத்துப் பேசவைக்கவில்லை. "நாந்தான் லெட்சுமி. நான் கூடை போடறதில்ல. நான் தேநீர் விக்கல, தேத்தண்ணி குடிப்பேன், அவ்ளோதான். இனிப்பு நீர் மாத்திரைய நிறுத்துங்கன்னு நான் சொல்லல. நிறுத்துனவங்க இன்னைக்கே போடுங்க. எம் மூஞ்சிய வச்சி பொய் சொல்றவனுக்கு நான் சொல்றேன், இந்த மெஷினும் எங்கள வீட்டுக்கு அனுப்பத்தான் வந்துச்சு, இப்ப எங்கையில இருக்கு பாத்துக்க." கடைசி வார்த்தையோடு இஞ்சினை இழுத்துவிட்டாள். நேபாளத்துக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் மார்பை நிமிர்த்தி நின்றார்.

புதன் மத்தியானம் எங்கள் வீடியோவை இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? வேறொருவரின் உருவத்தைப் போலியாகப் பயன்படுத்தியதாம். அசல் லெட்சுமி போலியாம். கூடைக்காரி அங்கேயே சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் சிரித்தேன், லெட்சுமியும் சிரித்துவிட்டாள், நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக. மறுபடியும் போட்டோம். அன்று சாயங்காலமே மறுபடியும் தூக்கினார்கள். மூன்றாவது தரம் போட்டோம்.

இடையில் ஊர் சுற்றிப் பார்த்தேனா என்று கேட்பவர்களுக்கு: பார்த்தேன். கியா பார்மில் ஸ்ட்ராபெரி ஒரு பெட்டி பதினைந்து வெள்ளி, புளிப்பு. சோளம் நன்றாக இருக்கிறது. தானா ராத்தாவில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் பாய் கடை ஒன்று, ரொட்டி சானாய் என்கிற பரோட்டா இரண்டும், தேத்தாரேக் என்கிற ஆற்றின பால் தேத்தண்ணியும் ஐந்து வெள்ளி நாற்பது காசு. பாயும் அந்த மூலிகை வாங்கியிருந்தார். லெட்சுமியை நேரில் உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, பாக்கெட்டை எங்கள் முன்னாலேயே குப்பையில் போட்டார், தேத்தாரேக்குக் காசு வாங்கவில்லை. எனக்கு மட்டும் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை வீரையாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டைவிரல் இருக்கிறது. நகம் போய்விட்டது, நுனியில் கொஞ்சம் சதையை எடுத்திருந்தார்கள். தினமும் கட்டு மாற்ற வேண்டும். வந்து உட்கார்ந்ததும் வீடியோ என்ன ஆச்சு என்று கேட்டார். மூன்றாவதையும் தூக்கிவிட்டார்கள் என்றேன். 

"என்னைய எடு," என்றார்.

"ஒங்களையா? எதுக்கு மச்சான், பொண்ணு பாக்கவா?"

"எடுடி. இவ மூஞ்சி அழகா இருக்கு, தூக்கிட்டுப் போயிட்டான். ஏமாந்தவன் மூஞ்சிய எவன் திருடுவான்?"

முக்காலிமேல் காலை வைத்து, கட்டை அவரே அவிழ்த்தார். சட்டை மாற்றச் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டார். போனை நேராகப் பார்த்து, தன் பேரையும் வயசையும் சொன்னார். பெரிய படிப்பு இல்லை, முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டினவன், ஒரு கல்லில்கூட இடித்ததில்லை, போனில் இடித்துக்கொண்டேன் என்றார். முப்பத்தாறு நாள் மாத்திரை போடாததன் விலை இது என்று விரலைக் காட்டினார். என்னைப்போல் நம்பினவன் எவனாவது இருந்தால் வெட்கப்படாதே, மாத்திரையைப் போட்டுவிட்டு உன் விரலையும் காட்டு என்றார். மொத்தம் ஒரு நிமிஷம் பத்து நொடி. பார்க்க நன்றாகவே இல்லை. நான் ஒரு வார்த்தையும் வெட்டவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் மலையிறங்கினேன், கோலாலம்பூருக்கு மூன்றே முக்கால் மணி நேரம். நீங்கள் போவதாக இருந்தால் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள், ரோடு காலியாக இருக்கும், டாக்சி முப்பத்தைந்துக்கே வரும். ஸ்வெட்டர் ஒன்று போதும். எஸ்டேட் உள்ளே போய் யாரையாவது படம் எடுக்க ஆசைப்பட்டால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். முடியாது என்றால் கையைக் கீழே போடுங்கள். பேசின இருபது நிமிஷம் எங்கே போய் என்னவாக முளைக்கும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். உங்கள் வீட்டில் யாராவது போனில் சொன்ன வைத்தியத்தைக் கடைப்பிடித்தால், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். மெஷின்மேல் வருகிற கோபத்தைவிட அதற்குத்தான் அதிகம் சக்தி இருக்கிறது.

எதிர்காலத்தில் நாம் என்னவாகப்போகிறோம் என்று எனக்குத் தெரியாது. கையில் மைக் வைத்திருக்கிறவர்களுக்கும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் வாயில் வார்த்தை வைத்தால் அதைத் துப்பாமல் விடமாட்டோம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். தூக்கினால் மறுபடி போடுவோம்.

இதை எழுதும்போது வீரையா வீடியோ போட்டுப் பதினெட்டு நாள். யாரும் தூக்கவில்லை. அதற்குக் கீழே இதுவரைக்கும் ஒன்பது பேர், தாங்களும் நிறுத்தியிருந்ததாகவும் மறுபடி மாத்திரை ஆரம்பித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் கால் படத்தையும் போட்டிருக்கிறார்கள். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் ஆகும், அதனால் சாயங்காலம் லெட்சுமி வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுகிறாளாம். நேற்று போனில் அதைச் சொல்லும்போது, படித்து முடித்ததும் அவர் பதில் சொல்லச் சொல்கிறார், நான் அடித்து அனுப்புகிறேன் என்றாள். கீழே பேர் என்ன போடுகிறாய் என்று வம்புக்குக் கேட்டேன்.

"அத அவங்களையே அமுக்கச் சொல்லிடுவேன்," என்றாள்.